மறுபடியும் பிறப்பது எப்படி: கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவை

வேலூர்ப் பக்கம் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர் என்றால் "இரட்சிக்கப்பட்டீங்களா பிரதர்?" என்ற கேள்விக்குத் தப்பியிருக்கவே முடியாது. வாலிபர் கூட்டத்தில் கேட்பார்கள், காட்பாடி ஸ்டேஷனில் கைப்பிரதி நீட்டுகிறவர் கேட்பார், ஏன், பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கேட்பார்கள். "இல்லை" என்றால் அங்கேயே கண்ணை மூடச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்களே என்று பயந்து பலர் "ஆமாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான், மறுபடியும் பிறந்தீர்களா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்பதைத்தான் பொறுமையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

முதலில் யோவான் 3-ஆம் அதிகாரத்தை எடுத்து, பிரசங்கம் எதுவும் கேட்காமல், தனியாக உட்கார்ந்து மெதுவாகப் படியுங்கள். நிக்கொதேமு ஒரு பரிசேயன், யூதருக்குள்ளே அதிகாரி, வேதம் கரைத்துக் குடித்தவர், அவரிடம்தான் இயேசு மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார். குடிகாரனிடமோ திருடனிடமோ சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடுகிறவர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சரியாகக் கொடுக்கிறவர், எல்லாருக்கும் இது பொருந்தும். அடுத்து, காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது என்கிறார். அதாவது பிறப்பு உங்கள் கையில் இல்லை, யாரும் தன்னைத் தானே பெற்றெடுக்க முடியாது. எசேக்கியேல் 36:26-லும் கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பவர் தேவன்தான்.

அப்படியென்றால் நாம் என்ன செய்வது? கேட்பது. அவ்வளவுதான், ஆனால் அது லேசில்லை. கேட்பதற்கு அழகான ஜெப பாஷை தேவையில்லை. லூக்கா 18-இல் வரி வசூலிக்கிற ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது ஒரே வரி, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்று. வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். எந்தப் பாவம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்கள்" என்று மொத்தமாக மூட்டை கட்டாதீர்கள், அந்த மூட்டைக்குள் நாம் ஒளித்து வைப்பதுதான் அதிகம். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் பரவாயில்லை. எழுப்புதல் கூட்டத்தில் கீபோர்டும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் யாருக்கும் கண் கலங்கும், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாள், நேரம் சொல்லி சாட்சி கொடுக்கிறவர்களைப் பார்த்து, எனக்கு அப்படி ஒரு நாள் இல்லையே என்று குழம்பவும் வேண்டாம். கிறிஸ்தவர்களைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்த பவுலுக்குத் தமஸ்கு வழியில் ஒரே நாளில் நடந்தது. நிக்கொதேமு இரவில் வந்து, யோவான் 7-ஆம் அதிகாரத்தில் தயங்கித் தயங்கி இயேசுவுக்காக ஒரு வார்த்தை பேசி, 19-இல்தான் இயேசுவின் உடலை அடக்கம் செய்ய ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமுமாக வாசனைப் பொருள் சுமந்துகொண்டு வெளிச்சத்துக்கு வருகிறார்.

அடுத்தது கணக்கு. இங்கேதான் நிறைய பேர் நழுவுகிறார்கள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த சகேயு என்ற வரி வசூலிக்கிறவன் இறங்கி, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான், அதற்குப் பிறகுதான் இயேசு "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார். காசு கொடுத்து இரட்சிப்பு வாங்கினான் என்று அர்த்தமில்லை, உள்ளே ஏதோ மாறியது காசில் தெரிந்தது. நீங்கள் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்காளத்திலிருந்து நோயாளியோடு வந்த குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது என்று வாடகையைக் கூட்டிச் சொல்கிற பழக்கம் இருந்தால், உபவாச ஜெபத்துக்கு முன்னால் அதை நிறுத்துங்கள். சீட்டுப் பணம் பாக்கியா, தம்பிக்குச் சேர வேண்டிய நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லையா, பீடி சுற்றித் தருகிற அம்மாவுக்குக் கூலி குறைத்தீர்களா? ஒரு நோட்டில் எழுதி, சின்னதிலிருந்து தொடங்கித் தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் சாதி. இதைச் சொன்னால் சபையில் முகம் சுளிப்பார்கள், சொல்லாமல் இருக்க முடியாது. "கிறிஸ்துவுக்குள் புதுச்சிருஷ்டி" என்று திருமண அழைப்பிதழில் 2 கொரிந்தியர் 5:17-ஐ அச்சடித்துவிட்டு, வரன் தேடும்போது முதல் கேள்வியே அதுதான் என்றால், பழையது ஒழிந்துபோகவில்லை. உங்கள் பெண்ணோ பையனோ வேறு தெருவிலிருந்து ஒருவரை அழைத்து வந்தால் வயிற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மறுபிறப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நேரான வழி இல்லை.

ரோமர் 12:2 மனம் புதிதாவதைப் பற்றிப் பேசுகிறது. அதற்குத் தினமும் கொஞ்சம் வேதம் வேண்டும், சுவிசேஷம் ஒன்றிலிருந்து தொடங்கலாம், மாற்குதான் சின்னது. ஒரே நேரத்தில் பத்துக் குணங்களை மாற்றப் பார்க்காதீர்கள், கலாத்தியர் 5:22-ஐ எடுத்து, வீட்டில் இருப்பவர்களிடமே "இதில் எனக்கு எது சுத்தமாக இல்லை?" என்று கேளுங்கள். மனைவி உடனே சொல்லிவிடுவார், யோசிக்கக்கூட மாட்டார். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். விழுந்தால் 1 யோவான் 1:9 இருக்கிறது, அறிக்கையிட்டு எழுந்திருங்கள், ஒவ்வொரு தடவையும் "நான் இரட்சிக்கப்படவே இல்லையோ" என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

வருஷக்கணக்கில் ஆகும் என்பதற்கு நம்ம ஊரிலேயே ஆள் இருந்தார். சிஎம்சியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாமல் வந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்காக வந்து கூப்பிட்டார்கள், பெண் மருத்துவர் இல்லாமல் விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மனம் திரும்பியது அந்த ஒரு இரவில். ஆனால் படித்து 1899-இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கும் வரைக்கும் புத்தகமும் பரீட்சையும்தான்.

ஞானஸ்நானம் பற்றிக் கேட்பீர்கள். சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தையிலேயே கொடுத்துப் பிறகு திடப்படுத்துவார்கள், கத்தோலிக்கருக்கு உறுதிபூசுதல், பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசித்த பிறகு முழுக்கு. இதற்காகச் சபை சபையாக அலைந்து சண்டை போடாதீர்கள், உங்கள் ஆயரிடமோ பாஸ்டரிடமோ நேராகப் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

இந்து வீட்டிலிருந்து வந்தவர் என்றால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாமா, பாலாற்றில் மயானக் கொள்ளைக்குச் சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் என்ன சொல்வது, படைத்ததைச் சாப்பிடலாமா என்றெல்லாம் கேள்வி வரும். 1 கொரிந்தியர் 8-லும் 10-லும் பவுல் இதையேதான் பேசுகிறார், படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் முதல் வாரமே சாமி படத்தைக் கழற்றப் போய் அம்மாவை அழ வைக்காதீர்கள், அது அம்மாவின் வீடு. முழுக்கு எடுக்கிற தேதியை ஊரார் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது. சபையில் சொல்வதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், கோபப்பட்டால் இரண்டு நாள் பேசாமல் இருப்பார், நீங்கள் வழக்கம்போல ரேஷனுக்குப் போய் வாருங்கள்.