கோடு போட வந்தவர் அடுத்த ஞாயிறும் வர

நீலகிரியில் ஒரு கால்பந்து கிளப்புக்கு ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். கோடு போட, வலை கட்ட, முதலுதவிப் பெட்டியோடு நிற்க என்று சம்பளமில்லாமல் உதவ வந்தவர்களைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடு.

முதலில், உதவ வருபவர் எதற்காக வருகிறார் என்று கேளுங்கள். மகன் ஆடுவதால் வரும் அப்பா, மகன் படிக்கக் கோவைக்குப் போனதும் நின்றுவிடுவார். அது இயல்புதான், அந்தக் கடைசி சீசனிலேயே இன்னொருவரை அவரோடு சேர்த்துவிடுங்கள். பழைய ஆட்டக்காரருக்கு அணித் தேர்வில் தன் பேச்சுக்கும் இடம் வேண்டும். அவரைக் கூப்பிடாமல் கமிட்டி முடிவெடுத்தால் சண்டை போடமாட்டார், மெல்ல வராமல் போய்விடுவார். வேலை தேடும் இளைஞருக்கு, என்னென்ன செய்தார் என்று விவரமாக எழுதிய சான்றிதழ் உதவும். குடிவந்து சில மாதமே ஆனவருக்கு ஊரில் நாலு பேர் பழக்கமாக வேண்டும். அவரைத் தனியாக வாசல் கேட்டில் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது, வேலையின் அளவு. "கிரவுண்டைப் பாத்துக்கோங்க" என்று சொன்னால் யாரும் நிலைக்கமாட்டார்கள். 100-க்கு 60 மீட்டர் மைதானத்தில் கோல் முன்னுள்ள பெட்டிகள், நடுவட்டம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 675 மீட்டர் கோடு போட வேண்டும். ஒற்றை ஆளுக்கு அது தண்டனை. மூன்று பேரை விடுங்கள்: இருவர் கயிறு பிடிக்க, ஒருவர் பவுடர் தூவ. மூலை செங்கோணமாக வர, மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர் அளந்து முளை அடியுங்கள். முளைகளுக்கு நடுவே குறுக்காகச் சரியாக 10 மீட்டர் வர வேண்டும். கோடு 12 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. சுண்ணாம்பு வேண்டாம், சாக் பவுடர் போதும். ஈரப் புல்லில் விழுபவரின் தோலைச் சுண்ணாம்பு புண்ணாக்கும். இதைக் கற்றுக்கொண்டவருக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு உரிமை வந்துவிடும். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.

பணத்தில் கவனம் தேவை. 1971-ல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் மாணவர்களிடம் புதிர் கொடுத்துச் சோதித்தார். காசு வாங்கிப் புதிரை அவிழ்த்தவர்கள், காசு நின்றபின் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. ஆகவே மேட்சுக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். ஸ்பான்சர் விலகும் மாதத்திலேயே ஆளும் போய்விடுவார். பஸ் காசும் சாப்பாடும் வேறு கணக்கு. அது அவர் கைக்காசு. அன்றே, அவர் கேட்கும் முன்னே கொடுத்துவிட வேண்டும். எஸ்டேட் வேலையில் இருப்பவருக்கு அந்தத் தொகை சின்னதில்லை.

மழையைப் பார்த்து அட்டவணை போடுங்கள். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் உறைபனி இருக்கும். வெயில் ஏறியபின் ஆரம்பியுங்கள். ஆளை வரவழைத்துவிட்டு மழையில் மேட்சை ரத்து செய்வது இரண்டு முறை நடந்தால் மூன்றாம் முறை போனை எடுக்கமாட்டார். ரத்து என்றால் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.

வேலை முடியும் நேரத்தை அவர் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாக வையுங்கள். வலை அவிழ்க்கும் வேலையைப் பக்கத்துத் தெருக்காரரிடம் கொடுங்கள்.