மெக்னீசியத்துக்குப் பாஸ்பேட் பூச்சு: எங்கே தவறுகிறோம்?

அரிமானத்தைத் தடுக்கவும் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கவும் இரும்புக்குப் பாஸ்பேட் பூச்சு போட்டுப் பழகியவர்கள் மெக்னீசியம் வார்ப்புகள் வந்ததும் அதே தொட்டியில் முக்கிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. இரும்புக்கான துத்தநாக பாஸ்பேட் கரைசலில் பல இடங்களில் நிக்கலும் சேர்த்திருப்பார்கள். முன்பு முக்கி எடுத்த பொருள்களிலிருந்து கரைந்த இரும்பும் அதில் கிடக்கும். மெக்னீசியத்துக்கு இரும்பு, நிக்கல், செம்பு மூன்றுமே ஜென்மப் பகை. மெக்னீசியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட், அதாவது அது எலக்ட்ரானை மிக எளிதில் இழந்து கரையும் உலோகம். அதனால் நிக்கல் அயனி பக்கத்தில் வந்தாலே மெக்னீசியம் கரைந்து, நிக்கல் உலோகமாக அதன்மேல் படிந்துவிடும். படிந்த துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்கலத்தின் கேத்தோடு, சுற்றியுள்ள மெக்னீசியம்தான் அதில் கரையும் முனை. பூச்சு முழுமையாக உருவாகும் முன்பே அதன் அடியில் அரிமானம் தொடங்கிவிடும்.

தொட்டியை மாற்றினால் மட்டும் போதாது, வார்ப்புக்குள்ளேயே பகை இருக்கலாம். ஏஇசட்91டி என்ற மெக்னீசியம்-அலுமினியம்-துத்தநாக வார்ப்புக் கலவையில் இரும்பு 0.005 சதவீதத்தையும் நிக்கல் 0.002 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது சும்மா அல்ல. அந்த வரம்பைத் தாண்டிய வார்ப்பை எந்தப் பாஸ்பேட்டும் காப்பாற்றாது. கலவையின் பரிசோதனைச் சான்றிதழைப் பார்க்காமல் பூச்சுக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

சுத்தம் செய்யும்போதும் இரும்பு உள்ளே நுழைகிறது. எஃகுக் குண்டுகளை வீசியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ பளபளப்பாக்கினால் இரும்புத் துகள்கள் மேற்பரப்பில் புதைந்துவிடும். வீசித்தான் ஆக வேண்டுமென்றால் அலுமினாவோ (அலுமினியம் ஆக்சைடு துகள்) கண்ணாடி மணியோ போதும். எண்ணெய் நீக்கச் சூடான காரக் கரைசல் நல்லது, பி.எச். 11க்கு மேல் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படலம் உலோகத்தைக் காக்கும். பிறகு அமிலத்தில் அலசும்போது அவசரம் வேண்டாம். அலசி எடுத்ததும் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கசடு போகும்வரை பாஸ்பேட் தொட்டிக்குப் போகக் கூடாது. கசடின்மேல் வளரும் படிகம் கசடோடு சேர்ந்தே உரிந்துவிடும்.

தொட்டிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் 'கூடுதல் நேரம், கூடுதல் பாதுகாப்பு' என்ற எண்ணம் தானாகவே போய்விடும். அமிலத்தில் மெக்னீசியம் கரைகிறது, ஹைட்ரஜன் குமிழியிடுகிறது, மேற்பரப்பையொட்டி பி.எச். உயர்கிறது, அந்த இடத்தில் பாஸ்பேட் படிகமாக விழுகிறது. பரப்பு மூடிக்கொண்டே வந்தால் குமிழிகளும் அடங்கிவிடும். அதற்கு மேலும் ஊறவிட்டால் பெரிய, தளர்வான படிகங்கள்தான் மிஞ்சும். தடித்த பூச்சு உலரும்போது வற்றிய ஏரிப்படுகைபோல வெடிக்கும். அடுப்பின் சூட்டைக் கூட்டி அவசரமாகக் காயவைத்தால் படிகத்துக்குள் இருக்கும் நீரும் வெளியேறி விரிசல் இன்னும் அகலும்.

இன்னொரு தப்புக்கணக்கு, மெக்னீசியத்துக்குக் குரோமியம் சார்ந்த குரோமேட் பூச்சு போட்ட பழைய காலத்திலிருந்து வந்தது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதால்தான் பலரும் பாஸ்பேட்டுக்கு மாறினார்கள், அது சரியான முடிவுதான். ஆனால் குரோமேட் படலத்தில் சின்னக் கீறல் விழுந்தால் அது தானே ஓரளவு ஆற்றிக்கொள்ளும். பாஸ்பேட் அப்படி ஆற்றிக்கொள்ளாது. அது நுண்துளைகள் நிறைந்த அடித்தளம், பெயிண்ட்டோ மூடுபூச்சோ வந்தால்தான் முழுமை பெறும். பாஸ்பேட் போட்டதோடு நிறுத்தி, ஈரக்காற்றில் வாரக்கணக்கில் அடுக்கிவைத்துவிட்டு 'வெள்ளை பூத்துவிட்டது' என்று வருந்திப் பயனில்லை.

உப்புநீரைத் தெளித்து அரிமானத்தைப் பார்க்கும் உப்புத் தெளிப்புச் சோதனையில், ஏஇசட்31 என்ற இன்னொரு மெக்னீசியக் கலவையின் தகடு தாங்கிய மணிக்கணக்கை ஏஇசட்91 வார்ப்புக்கு அப்படியே பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டின் உள்ளமைப்பும் வேறு. வார்ப்பில் அலுமினியம் மிகுந்த இரண்டாம் கட்டம் (வேறு கலவை கொண்ட படிகப் பகுதி) தீவு தீவாகக் கிடக்கும், அங்கே படிகம் வளரும் விதமும் மாறும். சோதனைத் துண்டை அதே வார்ப்பிலிருந்து வெட்டி எடுங்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக முடிந்த பாகத்தில் வெறும் எஃகு போல்ட்டை முடுக்குவார்கள். பெயிண்ட் உராய்ந்த அந்த இடத்தில் ஈரம் தங்கினால் போல்ட்டைச் சுற்றிக் குழி விழும். 5000 அல்லது 6000 வரிசை அலுமினியக் கலவையில் செய்த வாஷரை இடையில் வைத்து, இணைப்பில் நீர் தேங்காமல் அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.