ஓடைக்கரையில் புது ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

தொப்பி, தண்ணீர் பாட்டில், பெற்றோர் கையெழுத்து இதெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். டர்பன் பக்கம் கிரேடு 7, 8 பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போகும் புது ஆசிரியர்களைப் பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துதான் இன்னும் நடக்கிறது.

முடிவைக் கரையிலேயே சொல்லிவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மினிசாஸ் தெரியும்தானே, தென்னாப்பிரிக்காவிலேயே உருவான முறை. கல்லைப் புரட்டி, வலையில் விழும் சிற்றுயிர்களை 13 வகையாகப் பிரித்து, கிடைத்த வகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, அந்த வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓடை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். அழுக்கைத் தாங்கும் புழுவுக்கு 2, சுத்தமான தண்ணீரைத் தேடும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சிக்கு 17. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளம் ஆசிரியர் "இந்த ஓடை ரொம்ப மாசுபட்டது, வாங்க நிரூபிப்போம்" என்று ஆரம்பித்தார். விடை தெரிந்த கணக்கை எந்தப் பிள்ளை போடும்? கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் போனில்.

ஒரு பையன் மட்டும் "சார், ஸ்டோன்ஃப்ளை!" என்று தட்டை நீட்டினான். "இல்லப்பா, மேஃப்ளை" என்று பட்டென்று பதில் வந்தது. சார் சொன்னது சரிதான், மேஃப்ளையும் அதே மாதிரி இருக்கும் இன்னொரு நீர்ப்பூச்சி, ஆனால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்து போச்சு. பதில் சொல்லாமல் விட்டுப் பாருங்கள், ஒரு 17 உள்ளே வந்தால் சராசரி எகிறும், பக்கத்துக் குழு சும்மா விடாது, "ஏமாத்துறான்" என்று எட்டிப் பார்க்க வரும். இந்த வயதில் ஆசிரியர் சொல்வதைவிடக் கூட்டாளி கேட்கிற கேள்விதான் உறைக்கும், அதை ஏன் வீணாக்கணும்? வாலை எண்ணச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு, மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று. வலையில் ஒரு வால் ஒடிந்திருக்கும் என்று எவனாவது கிளப்புவான், கிளப்பட்டும். அப்புறம் வயிற்றின் இரு பக்கமும் செவுள் அசைகிறதா என்று அவர்களே பார்க்கட்டும், அசைந்தால் மேஃப்ளை. நேரம் போகும்தான். அதற்குத்தானே வந்தோம்.

"யார் முதலில் இறங்குறீங்க?"

கேட்காதீர்கள். எல்லார் முன்னாலும் கை தூக்க இந்த வயதில் கூச்சம். வலையை நேராகக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கூட்டாளிகளை மொத்தமாகப் பிரிப்பது

அரட்டை அடிப்பார்கள் என்று பயந்து செய்வது. ஒருவராவது பழகின முகம் குழுவில் இருக்கட்டும், இல்லையென்றால் அந்தப் பிள்ளை நாள் முழுக்க வாயே திறக்காது.

தண்ணீரை நம்புவது

நம்ம குவாசுலு நட்டால் மாகாணத்தில் பில்ஹார்சியா, அதாவது நத்தை வழியாகத் தண்ணீரில் பரவும் ஒட்டுண்ணி நோய், உண்டு, நத்தை இருக்கும் தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கவே விடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர் அமைப்பு எவ்வளவு அடி வாங்கியது என்று நமக்குத் தெரியும். மேலே குழாய் ஏதாவது கசிகிறதா என்று முதல் நாளே ஓடையோரம் நடந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் இடத்தை மாற்றுங்கள்.

சாப்பாட்டுப் பையைக் கரையில் விட்டுப் போவது

குரங்கு.