பொடுகுத் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோளில் வெள்ளையாக நாலு தூள் தெரிந்தால் போதும், "எண்ணெய் வைக்காம காயப்போட்டா இப்படித்தான்" என்று பாட்டி பாட்டிலோடு வந்துவிடுவார். ஆனால் பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. எல்லார் தலையிலும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை, தலையில் சுரக்கும் எண்ணெயைத் தின்று மிச்சம் விடும் ஒலீயிக் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிகிறது. நாம் ஊற்றும் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் அதற்குக் கூடுதல் தீனி.

முதலில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெயை நிறுத்துங்கள். அப்புறம் பார்மசியில் பூஞ்சையை அடக்கும் 2% கீட்டோகொனசோல் மருந்து ஷாம்பு கேட்டு வாங்கி, வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம் போடுங்கள். நுரை வந்ததும் அலசிவிடாதீர்கள், 3 முதல் 5 நிமிடம் தலையிலேயே ஊறட்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்கள் வியர்த்த தலையோடு அப்படியே படுக்க வேண்டாம்.

செதில் தடிப்பாக அப்பியிருந்தால் மட்டும், குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பேபி ஆயில் தடவி ஊறவைத்துவிட்டு ஷாம்பு போடலாம். ராத்திரி முழுக்க வேண்டாம். முடி வறண்டால் காதுக்குக் கீழே நுனியில் மட்டும் தேங்காய் எண்ணெய், சரி. தீபாவளி எண்ணெய்க் குளியலா? தாராளமாக, அன்றே நன்றாக அலசிவிடுங்கள்.

சிவந்து நீர் வடிந்தாலோ, பிள்ளைகளுக்கு வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ கிளினிக்குக்குப் போங்கள்.