இளைப்புக்குக் கழுத்தையும் தோளையும் கவனியுங்கள்

மார்கழிப் பனி இறங்கினால் காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவுக்கு இளைப்பு, அதாவது மூச்சுத்திணறல், வந்துவிடும். நெஞ்சைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அலுத்துப்போவது கழுத்தும் தோளும். மூச்சுக்குத் திணறுகிறவர்கள் அந்தத் தசைகளையும் சேர்த்துத்தான் விலாவைத் தூக்குகிறார்கள். பாவம், அவை கல்லாக இறுகிவிடும்.

இப்போது வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நாற்காலி போட்டு, எதிரே மேசையில் இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் முன்சாய்ந்து உட்காரச் சொல்வேன். அப்படி உட்கார்ந்தாலே மூச்சு கொஞ்சம் இலகுவாகும். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தடவி, பிடரியிலிருந்து தோள்மூட்டு வரை, அப்புறம் தோள்பட்டை எலும்பின் ஓரமாக, அவர் மூச்சை வெளியே விடும்போது மட்டும் மெல்ல அழுத்தி இறக்குவேன். பத்து நிமிடம் போதும். (ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எண்ணெய் சொட்டினால் வழுக்கும், கீழே பழைய துணி விரியுங்கள்.) தொண்டைப் பக்கம் கையே போகக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடவும் வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

இது தசையைத்தான் தளர்த்தும், மூச்சுக்குழாயைத் திறக்காது. ஆகவே இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.