புது காரின் பெயிண்டை கல்லடியிலிருந்தும் துணியடியிலிருந்தும் காப்பாற்றுவது எப்படி?

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது மனிதர்களுக்குச் சரி. புது காருக்குக் கவலைப்பட வேண்டியது இரண்டே அடிகள்தான்: ஓடும்போது விழும் கல்லடி, நிற்கும்போது துடைக்கிறேன் என்று நாமே கொடுக்கும் துணியடி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், "கோட்டிங் போட்டாச்சு, இனி ஒன்றும் ஆகாது" என்று நம்பி, ஆறு மாதம் கழித்து பானட்டின் முன் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, கோட்டிங் போட்டவரிடம் போய் சண்டை போடுகிறார்கள். இது வேறு வியாதி, அது வேறு மருந்து.

முதலில் நாம் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று பார்த்துவிடலாம். காரின் மேலிருக்கும் பெயிண்ட் மொத்தமாகச் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். அதற்குள்ளேயே நான்கு அடுக்குகள்: தகட்டைத் துருப்பிடிக்காமல் காக்கும் ஈ-கோட், அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது, அதன் தடிமன் சுமார் 40 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால் இந்த 40-இல் கொஞ்சத்தைத் தேய்த்து எடுப்பது என்றுதான் அர்த்தம். அதனால் "வருஷா வருஷம் மெஷின் பாலிஷ் போட்டு புதுசாக்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கல்லடிக்கு என்ன மருந்து?

தடிமன். வேறு எதுவும் இல்லை. செராமிக் கோட்டிங் என்பது பெயிண்ட் மேல் திரவமாகப் பூசும் படலம், காய்ந்த பிறகு ஒன்றிரண்டு மைக்ரான்தான் இருக்கும். அதன் டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் "9ஹெச்" என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, கல் வந்து மோதும் சோதனை அல்ல. வேகமாக வரும் ஜல்லிக்கு அந்த ஒன்றிரண்டு மைக்ரான் ஒரு பொருட்டே கிடையாது. கோட்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும், அழுக்கு ஒட்டாது, கழுவுவது பாதி வேலையாகிவிடும், அதனால் தேய்ப்பதும் குறையும். அந்த வேலைக்கு அது நல்லது. வேக்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது, சில வாரங்களில் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லைத் தாங்குவது பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம், சுருக்கமாக பிபிஎஃப். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணலும் தூசியும் அரிக்காமல் காக்க வந்த சங்கதி, அப்புறம் பந்தயக் கார்கள் வழியாக நம் பானட்டுக்கு வந்திருக்கிறது. இன்று கிடைக்கும் நல்ல ஃபிலிம் டிபியு என்ற பாலியுரித்தேன் வகை, 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதாவது கம்பெனி அடித்த பெயிண்ட் மொத்தத்தையும் விடக் கூடுதல். வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். மேலே விழும் மெல்லிய கீறல்கள் வெயில் பட்டாலோ வெந்நீர் ஊற்றினாலோ தானாக மறைந்துவிடும். ஃபிலிமையே கிழித்த வெட்டு மறையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய கல் வேகமாக வந்தால் ஃபிலிமையும் தாண்டி அடி விழும், தகடு நசுங்கும்.

விலை குறைவு என்று பிவிசி ஃபிலிமை "பிபிஎஃப்" என்ற பெயரிலேயே தலையில் கட்டுவதும் நடக்கிறது. அது சீக்கிரம் மஞ்சளாகும், இறுகி வெடிக்கும், உரிக்கும்போது பசை அப்படியே தங்கிவிடும். பில்லில் டிபியு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், ஃபிலிமின் பெயர், வாரண்டி எல்லாமும் எழுத்தில் இருக்கட்டும்.

கார் முழுக்க ஒட்ட வேண்டுமா என்றால், வசதி இருந்தால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கல் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் ஒட்டினாலே பெரும்பகுதி கவலை தீர்ந்தது. முன் பம்பர், பானட், முன் ஃபெண்டர்கள், சைடு மிரர்களின் முன்பக்கம், விண்ட்ஷீல்டின் இரண்டு பக்கத் தூண்கள், இவைதான் முன்வரிசை. பலர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டையும் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவும். அங்கே அடிப்பது எதிரில் வரும் வண்டி எறியும் கல் இல்லை, நம் முன் சக்கரமே வாரி எறியும் கல். அப்புறம் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி (நகமும் மோதிரமும் அங்கேதான் கீறும்), கதவின் ஓரம், டிக்கியில் சாமான் ஏற்றும்போது உரசும் பம்பரின் மேல்விளிம்பு. இந்த மூன்றும் சின்னத் துண்டுகள், செலவு அதிகம் ஆகாது.

பானட்டில் பாதிக்கு மட்டும் ஒட்டும் கிட் பற்றிக் கேட்பீர்கள். எனக்குப் பிடிக்காது. ஃபிலிம் முடியும் கோட்டில் அழுக்கு சேர்ந்து, பானட்டின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓட்டுநர் சீட்டிலிருந்தே தெரியும், வெளிர் நிறக் காரில் இன்னும் மோசம்.

ஒட்டுபவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் போன மாதம் முடித்த வண்டிகளை விட, ஒரு வருடம் ஓடிய வண்டி ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள், ஓரங்கள் எழும்பியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். அடுத்து, எப்படி வெட்டுகிறார் என்று கேளுங்கள். உங்கள் மாடலுக்கான அளவில் மெஷினில் வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவது ஒரு முறை, பெரிய ஷீட்டை வண்டி மேலேயே விரித்து பிளேடால் வெட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் ஓரங்களை நன்றாக உள்ளே மடித்து விடலாம், ஆனால் கை கொஞ்சம் அழுந்தினால் பிளேடு பெயிண்டிலும் கோடு போட்டுவிடும், ஃபிலிம் இருக்கும்வரை அது தெரியாது. தேர்ந்த கை என்றால் கவலை இல்லை, கற்றுக்கொள்ளும் கை என்றால் உங்கள் கார் அதற்கான பாடப்புத்தகமாக இருக்க வேண்டியதில்லை.

கம்பெனி பெயிண்ட் சூளையில் சூடேற்றி இறுக வைத்தது, அதனால் வண்டியை எடுத்த மறுநாளே ஒட்டலாம், சீக்கிரம் ஒட்டுவதே நல்லது. ரீபெயிண்ட் அடித்த பாகம் என்றால் மட்டும் குறைந்தது ஒரு மாதமாவது விட வேண்டும். ஒட்டியதும் உள்ளே அங்கங்கே தண்ணீர்க் கொப்புளங்கள் தெரியும், பதறி ஊசியால் குத்தாதீர்கள், சில நாட்களில் தானே வற்றிவிடும். ஒரு வாரம் கழுவ வேண்டாம். பிற்பாடும் பிரஷர் வாஷரை ஃபிலிமின் ஓரத்துக்கு நேராகப் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள், ஓரம் எழும்பிவிடும்.

ஃபிலிமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, காசே ஆகாது: முன்னால் போகும் வண்டியிடமிருந்து தள்ளிப் போங்கள், அதுவும் திறந்த லாரி, டிப்பர், ஜல்லி கொட்டிய சாலை என்றால் நன்றாகவே தள்ளிப் போங்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் கல்லின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. கூடவே நான்கு சக்கரத்துக்கும் மட் ஃபிளாப்.

துணியடி

கல் எப்போதாவது விழும். துணி வாரா வாரம் விழுகிறது, சில வீடுகளில் தினமும். காலையில் வறண்ட துணியாலோ தூசி தட்டும் குஞ்சத்தாலோ காரைத் துடைத்துவிட்டு எடுப்பது நல்ல பழக்கம் என்று நினைக்கிறோம், ஆனால் அந்தத் தூசியில் இருப்பது மணல், அதை பெயிண்ட் மேல் வைத்து அழுத்தி இழுக்கிறோம். கறுப்புக் கார் ஒன்றின் பக்கத்தில் இருட்டில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில் வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் அப்படித் தெரிகிறது.

இது முதல் நாளே தொடங்கிவிடும். டெலிவரிக்கு முன் ஷோரூமில் அவசர அவசரமாகக் கழுவித் துடைப்பார்கள், அதே துணியால் அதற்கு முன் எத்தனை வண்டியைத் துடைத்தார்களோ. "கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம், ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்க வேண்டாம், அப்படியே கொடுங்கள்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள், ஈரமாக இருக்கும்போது கீறல் தெரியாது.

கழுவும் முறை இதுதான். நிழலில் நிறுத்தி, பானட் ஆறிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி மணலை எல்லாம் இறக்கிவிடுங்கள், இந்த ஒரு வேலையை அவசரமில்லாமல் செய்தாலே பாதிக் கீறல் தப்பித்தது. இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பாகத்தைத் துடைத்ததும் நேரே ஷாம்பு வாளிக்குப் போகக்கூடாது, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் போக வேண்டும். மேலிருந்து கீழே, கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதி. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி, ஏனென்றால் பிரேக்கிலிருந்து வரும் பொடியில் இரும்புத் துகள் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பெயிண்ட் மேல் போட்டிருக்கும் வேக்ஸை அது உரித்துவிடும். துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டு மறுபடி எடுக்காதீர்கள்.

துடைக்காமல் காய விடவும் கூடாது, உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளை வட்டங்கள் படிந்து, வெயில் ஏற ஏற கிளியர் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும், அழுத்த வேண்டாம். சுழலும் பிரஷ் வைத்த ஆட்டோமேடிக் வாஷ் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

கார் கவர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தூசி படிந்த வண்டியின் மேல் கவரைப் போட்டால், காற்றில் அது ஆடி ஆடி ராத்திரி முழுக்க உப்புக்காகிதம் தேய்க்கிற வேலையைச் செய்யும். கழுவிய வண்டிக்கு மட்டும் கவர்.

பறவை எச்சம், பூச்சி, மரப்பிசின் இவற்றை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும். எச்சம் அமிலத்தன்மை உள்ளது, வெயிலில் சூடாகும்போது இளகும் கிளியர் கோட்டில் அது தடம் பதித்துவிடும், பிறகு எச்சம் போனாலும் தடம் போகாது. சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊற விட்டு, அப்படியே வழித்து எடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பொட்டு விழத்தான் செய்யும். நகத்தால் தொட்டுப் பாருங்கள், உள்ளே தகடு பளிச்சென்று தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள், இரும்பு என்றால் துரு பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். பம்பர் பிளாஸ்டிக், அங்கே அவசரமில்லை. கதவின் உட்சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கும் ஸ்டிக்கரில் பெயிண்டின் குறியீட்டு எண் (பெயிண்ட் கோட்) இருக்கும், "வெள்ளை" என்று கேட்டு வாங்காமல் அந்தக் குறியீட்டைச் சொல்லி டச் அப் பெயிண்ட் வாங்குங்கள், ஒரே கம்பெனியில் நான்கு வெள்ளை இருக்கும். பொட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தகடு தெரிந்தால் முதலில் பிரைமர், பிறகு பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன் என்பதால் அதை விட்டுவிட்டு பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து குழிக்குள் மட்டும் வையுங்கள். காய்ந்ததும் உள்ளே வாங்கும், மறுபடி ஒரு சொட்டு, குழி மேல்மட்டத்துக்கு வரும்வரை இப்படியே, கடைசியில் கிளியர். அந்த இடத்தின் மேல் ஃபிலிம் ஒட்டுவதாக இருந்தால் பெயிண்ட் நன்றாக இறுகும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது நீங்கள் வைத்த பொட்டும் கூடவே வந்துவிடும்.