நேச நாடுகளின் ரகசியக் கடிதங்களைப் படிப்பது எப்படி?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் காலனி பிரிட்டிஷ் கயானாவின் சுதந்திரம் பற்றி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் லண்டனுக்கு அனுப்பிய கடிதத்தைப் படித்ததும், ‘வாஷிங்டன் மிரட்டியது, லண்டன் பணிந்தது’ என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதில் கடிதம் கண்ணில் பட்டது. எழுதியதை அடித்தேன்.

அதனால் கடிதத்தையும் பதிலையும் சேர்த்தே படியுங்கள். ரஸ்க் எழுதியது 1962 பிப்ரவரி 19. தேர்தலில் வென்று அங்கே அரசை நடத்திவந்த இடதுசாரித் தலைவர் செட்டி ஜெகனின் தலைமையில் கயானா சுதந்திரம் பெறுவதைத் தங்களால் பொறுத்துக்கொள்ள முடியாது என்கிறார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹோம் பிரபு பிப்ரவரி 26 அன்று பதில் எழுதுகிறார்: ஜெகனைப் பதவிக்கு வராமல் தடுப்பதை ஜனநாயகத்தில் எப்படிச் செய்வதாம்? காலனிகளை விடுவிக்கச் சொல்லி முன்னால் நின்றதே நீங்கள்தானே என்று ஒரு குத்தும் உண்டு. எந்த உபாயம் செய்தாலும் அது வெளியே தெரிந்துவிடும் என்றும் எழுதுகிறார். மரியாதை குறையாமல் கோபப்படுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

அடுத்தது, நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: வாஷிங்டன், லண்டன், கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுன். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1961 ஆகஸ்ட் தேர்தலில் ஜெகனின் கட்சிக்கு 35-இல் 20 இடம். அக்டோபர் 25 அன்று அவர் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்திக்கிறார். 1962 பிப்ரவரி 16 அன்று ஜார்ஜ்டவுனில் கலவரம், கடைகள் எரிகின்றன. மூன்றே நாளில் ரஸ்கின் கடிதம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் கடிதத்தின் அவசரம் புரியும்.

அமெரிக்க ஆவணங்கள் வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். யார் வரைவு எழுதினார், எவ்வளவு ரகசியம் என்பது அங்கேதான் இருக்கும். நடுவில் ‘இத்தனை வரி வெளியிடப்படவில்லை’ என்று அடைப்புக்குறி வந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மறைத்தது பின்னால் வெளிவருவதும் உண்டு: 1964–68 ஆண்டுகளின் ஆவணத் தொகுப்பில் கயானா பகுதியின் முன்குறிப்பிலேயே, கயானாவில் ரகசிய வேலைகளுக்கு 1962 முதல் 1968 வரை சுமார் 20.8 லட்சம் டாலர் செலவானதாக இருக்கிறது.

நேச நாடுகளின் கவலையை ஒரே கவலையாக எண்ணிவிடக் கூடாது. லண்டனுக்குச் சீக்கிரம் கைகழுவ வேண்டும். வாஷிங்டனுக்கோ இன்னொரு கியூபா வந்துவிடுமோ என்ற பயம். 1963 ஜூன் 30 அன்று பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனின் பர்ச் குரோவ் வீட்டில் நடந்த பேச்சின் குறிப்பில் இது பச்சையாகத் தெரிகிறது: கியூபாவோடு கயானாவும் கம்யூனிஸ்ட் நாடானால், 1964-இல் கியூபாவைத் தாக்கச் சொல்லித் தனக்குத் தாங்க முடியாத நெருக்கடி வரும் என்கிறார் கென்னடி. 1964 அவருக்குத் தேர்தல் ஆண்டு. இப்படி உள்நாட்டுக் கணக்கு தலைகாட்டும் இடங்களில் தவறாமல் கோடு போடுவேன்.

அப்புறம், பெறுநர் பட்டியல். ரஸ்குக்கும் ஹோமுக்கும் நடுவே போன இந்தக் கடிதங்களில் ஜெகன் பேசப்படுகிற ஆள், பேசுகிற ஆள் இல்லை. 1963 அக்டோபரில் கயானாவின் மூன்று கட்சித் தலைவர்களும் (ஜெகன், பர்ன்ஹாம், டி’அகியார்) ஒத்துப்போகாமல், முடிவைக் காலனி அமைச்சர் டங்கன் சாண்டிஸிடமே விட்டார்கள். அவர் விகிதாசாரத் தேர்தலைக் கொண்டுவந்தார், அதாவது வாங்கிய ஓட்டின் அளவுக்கு ஏற்ப இடம். 1964 டிசம்பரில் 53 இடங்களில் ஜெகனுக்கு 24, பர்ன்ஹாமுக்கு 22, டி’அகியாருக்கு 7. பின்னவர் இருவரும் கூட்டணி சேர்ந்தார்கள்; அதிக இடம் வென்றும் ஜெகன் ஆட்சியை இழந்தார். 1966 மே 26 அன்று சுதந்திரக் கயானாவின் பிரதமர் பர்ன்ஹாம்.

சரி, இப்போது ஹோமின் கடிதத்துக்குத் திரும்புங்கள். உபாயம் வெளியே தெரிந்துவிடும் என்று எழுதினாரே, அந்த வரியின் ஓரத்தில் 24, 22, 7 என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.